கணக்கில் வராத கணக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'பிசினஸ் இன்டெலிஜென்ஸ்' பற்றிப் பேச வேண்டும், கம்பெனிகள் முடிவெடுக்க அது எப்படி உதவுகிறது என்று மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று செயலாளர் கேட்டுக் கொண்டார். தலைப்பைக் கேட்டதுமே கடைசி பெஞ்சுத் தம்பிகள் சாப்பாட்டு நேரத்தைக் கணக்குப் போடுவது மேடையிலிருந்தே தெரிகிறது. பயப்படாதீர்கள். கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கப் போவதில்லை. கணக்கைப் பார்த்துத்தான் முடிவெடுத்தோம் என்று சொன்னவர்கள் எப்படித் தவறினார்கள், எப்படிச் சரியாகச் செய்தார்கள் என்ற இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

முதலில், அப்படின்னா என்ன? நம் தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சியை எடுத்துக் கொள்ளுங்கள். தீபாவளிக்கு எத்தனை டின் எண்ணெய் இறக்க வேண்டும், எந்த வீட்டுக்குக் கடன் கொடுக்கலாம், எந்த வீட்டுக்குக் கொடுத்தால் வராது, எந்த சோப்பு மூன்று மாதமாகத் தூசி படிந்து கிடக்கிறது, எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. பாதி நோட்டில், மீதி மனசில். கடை ஒன்றாக இருக்கும் வரை இது போதும். அதே அண்ணாச்சிக்கு முந்நூறு கடை இருந்தால்? ஒவ்வொரு கடையிலும் அவரே உட்கார முடியாது. அப்போது அவருடைய கண்ணும் நினைவும் செய்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. எது விற்றது, எங்கே விற்றது, யார் வாங்கினார், எது தேங்கியது என்று திரட்டி, அடுத்த முடிவுக்குப் பயன்படும்படி முதலாளியின் முன்னால் வைப்பதுதான் பிசினஸ் இன்டெலிஜென்ஸ்.

பெயர் ஒன்றும் புதிதல்ல. ஐ.பி.எம். கம்பெனியின் ஹான்ஸ் பீட்டர் லூன் என்ற ஆராய்ச்சியாளர் 1958-ம் ஆண்டே இந்தத் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். வந்து குவியும் தாள்களை இயந்திரமே படித்துப் பிரித்து, யாருக்கு எது தேவையோ அவருக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் கனவு. 1970-ல் எட்கர் காட் கொடுத்த ரிலேஷனல் டேட்டாபேஸ் கொள்கை வந்தது. 1989 முதல் ஹோவர்ட் டிரெஸ்னர் என்பவர் இந்தப் பெயரைத் தொழில் உலகில் பரப்பினார். இன்றோ, கேள்வியைத் தமிழிலேயே தட்டினால்கூட வரைபடம் போட்டுக் கொடுக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன.

இதன் உள்ளே நடப்பது என்ன? பில் போடும் கம்ப்யூட்டர் நாள் முழுவதும் பில் போட்டுக் கொண்டிருக்கும். அதனிடம் போய், "ஐந்து வருஷத்து விற்பனையைக் கூட்டிச் சொல்லு" என்றால், கவுண்டரில் நிற்கிறவர் காத்துக் கிடக்க வேண்டும். அதனால் பில், ஸ்டோர், கணக்குப் பிரிவு என்று ஒவ்வோர் இடத்திலும் இருக்கும் விவரங்களைப் பிரதி எடுத்து, சுத்தம் செய்து, தனியாக ஒரு கிடங்கில் அடுக்குகிறார்கள். அதுதான் 'டேட்டா வேர்ஹவுஸ்'. அங்கே ஒரே விற்பனையை மாத வாரியாக, ஊர் வாரியாக, சரக்கு வாரியாக எப்படி வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

கேட்க எளிது. கஷ்டம் எங்கே தெரியுமா? 'சுத்தம் செய்து' என்று ஒரு வார்த்தையில் சொன்னேனே, அங்கேதான். விற்பனை என்றால் என்ன என்று ஒரு கம்பெனியில் நான்கு பேரைக் கேட்டுப் பாருங்கள். ஆர்டர் கையில் வந்த அன்றே விற்பனை என்பார் மார்க்கெட்டிங் மேனேஜர். லாரி கேட்டைத் தாண்டினால்தான் விற்பனை என்பார் ஸ்டோர்காரர். இன்வாய்ஸ் தேதிதான் என்பார் அக்கவுன்டன்ட். "பணம் வந்துச்சா? வராட்டி அது என்னய்யா விற்பனை?" என்பார் முதலாளி. நான்கு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நான்கு பேரும் நான்கு எண்ணோடு மீட்டிங்குக்கு வருவார்கள். எது சரி என்ற சண்டையிலேயே நேரம் போய்விடும். ஆகவே, எந்த மென்பொருள் வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால், இந்த வார்த்தைக்கு நம் கம்பெனியில் இதுதான் அர்த்தம் என்று எழுதி ஒட்ட வேண்டும். நான் பார்த்தவரை பாதி வேலை அதுதான்.

இனி, எண்கள் இருந்தும் சறுக்கிய கதைக்கு வருகிறேன்.

அமெரிக்காவின் சிஸ்கோ கம்பெனியை உங்களுக்குத் தெரியும். இன்டர்நெட் ஓடுவதற்கான ரவுட்டர், ஸ்விட்ச் செய்கிறவர்கள். 2000-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் பங்குச் சந்தை மதிப்பில் உலகத்திலேயே முதல் கம்பெனியாக நின்றது. அதைவிட அவர்கள் பெருமைப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. மற்ற கம்பெனிகள் வரவு செலவைக் கூட்டி முடிக்க வாரக் கணக்கில் திணறிய காலத்தில், சிஸ்கோ ஒரே நாளில் புத்தகத்தை மூடிக் காட்டியது. எத்தனை ஆர்டர் வந்தது, எவ்வளவு லாபம் என்பதை மேலதிகாரிகள் அன்றாடம் திரையில் பார்த்தார்கள். அந்த நாளில் இந்தத் துறைக்கு அவர்கள்தான் முன்மாதிரி.

2001 ஏப்ரலில் அதே கம்பெனி ஓர் அறிவிப்புச் செய்தது. வாங்கிக் குவித்த பாகங்களில் சுமார் 220 கோடி டாலர் மதிப்புள்ளவற்றை இனி விற்க முடியாது என்று நஷ்டத்தில் எழுத வேண்டி வந்தது. சுமார் 8,500 பேர் வேலை இழந்தார்கள். இவ்வளவு நல்ல கண்ணாடி போட்டிருந்தவர்கள் எப்படிக் குழியில் விழுந்தார்கள்?

இதற்குப் பொங்கல் டிக்கெட்டை உதாரணம் சொல்கிறேன். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போக வேண்டும். ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட். நம்மாள் என்ன செய்வார்? ரயிலிலும் போட்டு வைப்பார், அரசு பஸ்ஸிலும் போட்டு வைப்பார், ஆம்னி பஸ்ஸிலும் ஒன்று போட்டு வைப்பார். போகிறவர் ஒருவர், கணக்கில் மூன்று பயணிகள். இதை மட்டும் பார்த்து ஒருவர் மூன்று புது பஸ் வாங்கினால் என்ன ஆகும்?

சிஸ்கோவுக்கு நடந்தது அதுதான். அப்போது எலக்ட்ரானிக் பாகங்களுக்குக் கடும் தட்டுப்பாடு. சரக்கு வரத் தாமதமாகும் என்று தெரிந்த வாடிக்கையாளர்கள், யார் முதலில் கொடுக்கிறாரோ அவரிடம் வாங்கிக் கொள்ளலாம் என்று ஒரே தேவைக்கு இரண்டு மூன்று இடத்தில் ஆர்டர் கொடுத்தார்கள். அந்த ஆர்டர் எல்லாம் திரையில் மெய்யான தேவையாகவே தெரிந்தது. சிஸ்கோ தன் சரக்கில் பெரும்பகுதியைத் தானே செய்வதில்லை. வெளிக் கம்பெனிகளிடம் கொடுத்துச் செய்து வாங்கும். ஒரே வேலைக்குப் போட்டியிடும் இரண்டு மூன்று கம்பெனிகள் தனித்தனியே பாகம் கேட்டதால், பாகம் விற்பவர் கண்ணுக்குத் தேவை இன்னும் பெருத்துத் தெரிந்தது. இன்டர்நெட் மோகம் அடங்கியதும் ஆர்டர்கள் கரைந்தன. குவிந்த பாகங்கள் கரையவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், திரையில் இருந்த எண் பிழையானது அல்ல. அத்தனை ஆர்டரும் உண்மையிலேயே வந்தவைதான். "ஆர்டர் கொடுத்தவருக்குச் சரக்கு உண்மையிலேயே வேண்டுமா?" என்ற ஒரு விவரத்துக்குத்தான் அங்கே கட்டமே இல்லை. 1990-ல் பங்குச் சந்தைக்கு வந்ததிலிருந்து அந்தக் கம்பெனி வளர்ச்சியை மட்டுமே கண்டிருந்தது. ஆகவே அதன் பழைய கணக்கிலும் இறங்குமுகம் எப்படியிருக்கும் என்பதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. தட்டுப்பாட்டுக் காலத்தில் வாடிக்கையாளர்கள் ஆர்டரை ஊதிப் பெருக்குவார்கள் என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஹாவ் லீயும் அவரோடு சேர்ந்தவர்களும் 1997-லேயே எழுதிவிட்டார்கள். பிடியில் சின்ன அசைவு, நுனியில் பெரிய ஆட்டம் என்ற பொருளில் 'புல்விப் எஃபெக்ட்', அதாவது சாட்டை விளைவு, என்று அந்தக் கட்டுரையில் இதைப் பேசினார்கள். விஷயம் உலகத்துக்குத் தெரிந்திருந்தது. கம்ப்யூட்டர் திரைக்குத் தெரியவில்லை.

பணம் போனால் சம்பாதிக்கலாம். உயிர் போன கதை ஒன்றும் உண்டு. கம்பெனி லாப நஷ்டக் கதை அல்ல என்றாலும், கணக்கு எப்படிக் கண்ணை மறைக்கும் என்பதற்கு இஞ்சினியர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டிய பாடம் அது.

1986 ஜனவரி 28. சேலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 விநாடியில் வெடித்துச் சிதறியது. அதில் இருந்த ஏழு பேரும் மாண்டார்கள். ராக்கெட்டின் மூட்டுகளை அடைக்கும் 'ஓ-ரிங்' என்ற ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப் போய், சரியாக அடைக்காததுதான் காரணம். முந்தின நாள் இரவே, ராக்கெட் செய்த கம்பெனியின் இஞ்சினியர்கள் சிலர், "இந்தக் குளிரில் வேண்டாம்" என்று தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். குளிருக்கும் வளையம் கெட்டுப் போவதற்கும் தொடர்பு இருக்கிறது என்று எண்ணால் நிரூபிக்க முடியவில்லை. கடைசியில் அந்தக் கம்பெனி மேலிடமே கிளம்பலாம் என்று கையெழுத்துப் போட்டது.

நிரூபிக்க எண் இல்லாமல் இல்லை. விசாரணைக் கமிஷன் அதைப் பிறகு எடுத்துக் காட்டியது. முன்பு வளையம் பழுதான பயணங்களை மட்டும் வரிசைப்படுத்திப் பார்த்தால், குளிரிலும் பழுது, வெயிலிலும் பழுது. ஒரு தொடர்பும் தெரியாது. பழுதே ஆகாத பயணங்களையும் சேர்த்துப் பாருங்கள். வளையத்தின் வெப்பம் 66 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலுமாக இருந்த 20 பயணங்களில் 3-ல்தான் பழுது. 63 டிகிரியும் அதற்குக் கீழுமாக இருந்த 4 பயணங்களில் நான்கிலும் பழுது! சேலஞ்சர் கிளம்பிய காலையில் வெளியே 36 டிகிரி. நம் கணக்கில் சுமார் 2 டிகிரி செல்சியஸ். ஒன்றும் ஆகாத நாளில் என்ன பாடம் இருக்கப் போகிறது என்று நாம் விட்டுவிடுகிறோம். அந்த நாட்களில்தான் விடை இருந்தது.

"சரி சார், இதெல்லாம் அமெரிக்காக்காரன் கதை, நம்ம ஊரில்?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

கோவைப் பக்கம் ஒரு பவுண்டரி. பெயர் வேண்டாம். கழித்துப் போடும் வார்ப்புகள் அதிகமாகிவிட்டன என்று, எது எதனால் ரிஜெக்ட் ஆனது என்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஏற்பாடு செய்தார்கள். காரணங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றைத் தொட்டால் போதும். ஆறு மாதம் கழித்து வரைபடம் வந்தது. பாதிக்கு மேல் மணல் கோளாறு. புது மணல் பிளான்ட் வாங்கிவிடலாம் என்று கொட்டேஷன்கூட வந்துவிட்டது. வாங்குவதற்கு முன் எதற்கும் ஒரு தடவை பார்க்கலாம் என்று என்னை அனுப்பினார்கள். இரண்டு இரவு ஷிப்டில் போய் நின்றேன்.

என்ன பார்த்தேன்? ரிஜெக்ட் வார்ப்புகள் ஷிப்ட் முழுவதும் ஒரு மூலையில் குவியும். ஷிப்ட் முடிய கால் மணி நேரம் இருக்கும்போது சூப்பர்வைசர் வருவார். கம்பெனி பஸ் கேட்டில் ஹாரன் அடித்துக் கொண்டிருக்கும். அவர் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்துக் கொண்டிருக்க முடியுமா? வரிசையில் முதலாவதாக எது இருக்கிறதோ அதைத் தட்டிக் கொண்டே போவார். முதலாவதாக இருந்தது மணல்!

அவர் மேல் தப்பில்லை. அவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. அது எங்கே போகிறது என்றுகூட யாரும் சொன்னதில்லை. பிறகு, வார்ப்பைக் கழிக்கும் அந்த நிமிஷமே அதன் மேல் சாக்பீஸால் காரணத்தை எழுத வைத்தோம். எந்த லேடிலில் ஊற்றியது என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னோம். மூன்று வாரத்தில் வேறு படம் தெரிந்தது. கடைசியாக ஊற்றும் வார்ப்புகளில்தான் பழுது அதிகம். உலையிலிருந்து தூரத்து அச்சுகளுக்குப் போய்ச் சேர்வதற்குள் உலோகத்தின் சூடு இறங்கிவிடுகிறது. தேவைப்பட்டது லேடிலுக்கு ஒரு மூடியும், சூடு பார்க்கும் கருவியும். மணல் பிளான்ட் அல்ல.

இது நம் லேபில் இல்லாத விஷயமா? கடைசியில் வர வேண்டிய விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற ரீடிங்கைப் பின்னாலிருந்து எழுதும் கலை எல்லாக் கல்லூரியிலும் உண்டு. (சிரிப்பு) பேராசிரியர்கள் சிரிப்பதைப் பார்த்தால் அவர்களுக்கும் தெரியும் போலிருக்கிறது. கம்பெனிகளிலும் அப்படித்தான். மேலே இருப்பவருக்கு எந்த எண் பிடிக்கும் என்று தெரிந்துவிட்டால், கீழே இருந்து அந்த எண்தான் வரும். எந்த மென்பொருளும் அதைக் கண்டுபிடிக்காது.

அப்படியானால் கணக்கே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொன்ன ஊர் நம்முடையது. அளந்து பயன் கண்டவர்களையும் பாருங்கள்.

2004-ல் ஃபிரான்சிஸ் என்ற புயல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையை நோக்கி வந்து கொண்டிருந்தது. சில வாரம் முன்புதான் சார்லி என்ற புயல் அடித்து ஓய்ந்திருந்தது. வால்மார்ட் கம்பெனியார், "போன புயலுக்கு முன்னால் ஜனங்கள் எதை வாங்கினார்கள்?" என்று தங்கள் கிடங்கைக் கேட்டார்கள். டார்ச் லைட் என்பது யாருக்கும் தெரியும். வந்த பதில் வேறு. ஸ்ட்ராபெரி பாப்-டார்ட்ஸ் என்ற பாக்கெட் பலகாரம் வழக்கத்தைவிட ஏழு மடங்கு விற்றிருந்தது. அடுப்பு வேண்டாம், பிரித்தால் தின்னலாம். அதிகம் விற்ற இன்னொரு சரக்கு பீர். அதற்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. புயல் வருவதற்குள் லாரிகள் சரக்கோடு கிளம்பின. கவனியுங்கள்: முதலில் வந்தது கேள்வி. பிறகுதான் கணக்கு. பதில் கிடைத்ததும் செய்ய வேண்டிய காரியமும் கையில் தயாராக இருந்தது.

நம் பக்கத்திலும் இருக்கிறது. சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம்-கிளேட்டன் கம்பெனியின் பிரேக் பிரிவு 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் கம்பெனி அதுதான். அந்தப் பரிசு யார் பெயரில் இருக்கிறதோ அந்த டெமிங், வால்டர் ஷூவார்ட் என்பவரிடமிருந்து கற்றுப் பரப்பிய பாடம் எளிமையானது. 1924-ல் ஷூவார்ட் ஒரு தாளில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டார். இரண்டு கோட்டுக்கும் நடுவே எண் ஏறி இறங்கினால் அது இயல்பு, சும்மா விடு. கோட்டைத் தாண்டினால் காரணத்தைத் தேடு. அந்தப் படம் மெஷின் பக்கத்திலேயே இருக்கும். எண்ணை எழுதுகிறவரே அதைப் பார்ப்பார், அவரே சரி செய்வார். நம் மாதாந்திர மீட்டிங்கில் நடப்பது என்ன? போன மாதத்தைவிட இரண்டு சதவீதம் குறைந்தால் திட்டு, கூடினால் பாராட்டு. இரண்டுமே பல நேரம் வெறும் ஆட்டம்தான். கோடு போடாமல் ஆடுகிற எண்ணின் பின்னால் நாமும் ஆடுகிறோம்.

தம்பி தங்கைகளுக்கு நான்கு கேள்விகளைத் தருகிறேன். வேலைக்குப் போன பின் யாராவது திரையில் ஓர் எண்ணைக் காட்டினால் இவற்றைக் கேளுங்கள்.

ஒன்று: இந்த எண் எங்கே, யார் கையால், எந்த நேரத்தில் பிறந்தது? ஒரு முறையாவது அந்த இடத்தில் போய் நின்று பாருங்கள்.

இரண்டு: இந்தக் கணக்கில் வராதது எது? விழுந்ததை எண்ணியிருந்தால் விழாததைக் கேளுங்கள். வாங்கியவரை எண்ணியிருந்தால் வெறுங்கையோடு திரும்பியவரைக் கேளுங்கள்.

மூன்று: இந்த வார்த்தைக்கு இங்கே எல்லோருக்கும் ஒரே அர்த்தமா?

நான்கு: இந்த எண் வேறாக இருந்தால் நம் முடிவு மாறுமா? மாறாது என்றால் எதற்காக அதைத் திரட்டுகிறோம்?

மேலதிகாரிகளாக இருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரே ஒரு விண்ணப்பம். கெட்ட எண்ணைக் கொண்டு வருகிறவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துப் பேசுங்கள். அவரை ஒரு தடவை எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போட்டுவிட்டால், அடுத்த மாதம் முதல் உங்களுக்கு நல்ல எண் மட்டும்தான் வரும். திரை பச்சைப் பசேல் என்று இருக்கும், கம்பெனி மட்டும் காய்ந்து கொண்டிருக்கும்.

இன்று பதில் மலிவாகிவிட்டது. தட்டினால் வருகிறது. கேள்வி மட்டும் இன்னும் மனிதர்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அதைக் கேட்கிற துணிச்சலை இந்தக் கல்லூரியிலேயே பழகிக் கொள்ளுங்கள். லேபில் ரீடிங் பொருந்தி வரவில்லையா? அழித்துத் திருத்தாதீர்கள். ஏன் வரவில்லை என்று பேராசிரியரிடம் போய்க் கேளுங்கள். ஒரு மதிப்பெண் குறைந்தாலும் பரவாயில்லை.